ட்ரங்க் பெட்டியில் இருந்த ஹால் டிக்கெட்: வேலைக்குப் போன பிறகு படித்தவர்கள்

பண்பொழியில் சாரல் காலம் வந்துவிட்டால் எல்லா வீட்டு மச்சிலும் எங்கேயாவது ஓர் ஓரத்தில் ஒழுகும். போன ஆடியில் எங்கள் வீட்டில் ஒழுகிய இடம் அப்பாவின் ட்ரங்க் பெட்டிக்கு நேர் மேலே. பெட்டியைக் கீழே இறக்கி, உள்ளே இருந்த காகிதங்களை வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் காயப்போடலாம் என்று திறந்தேன். பத்திரம், தீர்வை ரசீது, பழைய பாஸ்புக். அதற்கும் அடியில் சணல் கட்டிய ஒரு கட்டு. பிரித்தால், பி.ஏ. அஞ்சல்வழிப் பாடப் புத்தகங்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். நடுவில் 1979-ஆம் வருடத்து ஹால் டிக்கெட் ஒன்று, இருபத்தேழு வயது அப்பாவின் மீசை வைத்த போட்டோவோடு.

அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பி.யு.சி.தான் படித்தார் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும்.

"என்னப்பா இது?"

"ஏல, அதை எங்கேருந்து எடுத்த? பி.ஏ. படிச்சேம்லா, ஒரு வருசம்."

"சொன்னதே இல்லையே?"

"பாஸ் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வாரம்தான் நானும் எம்.ஏ. வரலாறு தொலைநிலைப் படிப்புக்கு விண்ணப்பத்தை நிரப்பி, கடைசி பட்டனை அழுத்தாமல் வைத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் சாஃப்ட்வேர் வேலை. கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தவன், வீட்டிலிருந்தே வேலை என்று இங்கேயே தங்கிவிட்டேன். கல்வெட்டு, கெஜட்டியர், பழைய ஊர்க் கணக்கு என்று என் பாட்டுக்கு ஏதோ தேடி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கருத்தரங்கில் பக்கத்தில் இருந்தவர் "நீங்க ஹிஸ்டரியா?" என்று கேட்டார். "இல்ல சார், பி.இ." என்றேன். "ஓ, ஆர்வலர்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் உறுத்தியது. நாற்பதுகளில் மறுபடி பரீட்சை எழுதுவது கோமாளித்தனமா, அவசியமா என்று முடிவுக்கு வரமுடியவில்லை.

அந்தச் சணல் கட்டைப் பார்த்த பிறகு கேள்வி கொஞ்சம் மாறியது. வேலையில் இருந்துகொண்டே படித்தவர்கள் நம்மிடையே யார் யார்? அவர்களால் முடிந்தது எப்படி? அப்பாவால் ஏன் முடியவில்லை? இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் குறிப்புகள்.

பரீட்சை மட்டும் நடத்திய பல்கலைக்கழகம்

சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-ல் வந்தன. மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடம் கிடையாது. பாடத்திட்டம் வகுக்கும், கேள்வித்தாள் தயாரிக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது வேறு யாரோ. 1858-ல் லண்டன் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் கல்லூரியிலும் சேராதவரும் வந்து பரீட்சை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒன்றாகப் பின்னிக் கிடந்த இரண்டு மாட்யூல்களைப் பிரித்துவிட்டார்கள். கற்றுக்கொள்வது ஒரு பக்கம், கற்றதைச் சோதிப்பது இன்னொரு பக்கம். சென்னையில் கதவு லண்டன் அளவுக்கு அகலமாகத் திறக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் என்றால் அடிப்படையில் பரீட்சை நடத்தும் அமைப்பு என்ற எண்ணம் இங்கேயும் வேரூன்றியது. பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு என்ற வாழ்க்கைக்கு அதில் இடம் இருந்தது.

சி.வை. தாமோதரம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். ஒருவர் விசுவநாத பிள்ளை, மற்றவர் இவர். பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம். நல்ல பதவி, நல்ல மரியாதை. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் 1871-ல், கிட்டத்தட்ட நாற்பது வயதில், பி.எல். தேறினார். கும்பகோணத்தில் வக்கீல் தொழில் செய்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இதற்கு நடுவில்தான் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை எல்லாம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் அவருக்கு இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். நாற்பதை நெருங்கும்போது மறுபடி பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தவர் அவர் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

நம்ம பக்கத்து ஆள் ஒருவர்: எட்டயபுரத்தில் 1879-ல் பிறந்த சோமசுந்தர பாரதியார். பாரதியின் பால்ய நண்பர். 1905-ல் சட்டம் முடித்துத் தூத்துக்குடியில் வக்கீல். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி, சுதேசி இயக்கம் என்று அந்த ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வழக்கும் அரசியலுமாக இருந்தவர் 1913-ல், முப்பத்துநாலு வயதில், எம்.ஏ. பட்டம் வாங்கினார். அதற்கு இருபது வருஷம் கழித்து, 1933-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவர். வக்கீலாக இருந்தபோது எழுதிய பரீட்சை ஐம்பத்துநாலு வயதில் பயன்பட்டிருக்கிறது.

சங்கரன்கோவில்காரர்

பண்பொழியிலிருந்து தென்காசி போய் பஸ் மாறினால் அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில் சங்கரன்கோவில். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அதுவும் எங்களோடு சேர்ந்துவிட்டது. தேவநேயப் பாவாணர் 1902-ல் பிறந்தது அங்கேதான். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். அக்கா வீட்டில் ஆம்பூர்ப் பக்கம் வளர்ந்து, பாளையங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளி படித்து, 1919-ல் ராஜபாளையம் பக்கத்து முறம்பில் வாத்தியார் வேலைக்குப் போனார். வயது பதினேழு. முறையான கல்லூரிப் படிப்பு என்று ஒன்று அவருக்கு அமையவில்லை.

அதன் பிறகு அவர் வாங்கிய தகுதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1924-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு. 1926-ல் திருநெல்வேலித் தென்னிந்தியத் தமிழ்ச் சங்கத்தின் புலவர் தேர்வு. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான், பி.ஓ.எல். கடைசியாக 1952-ல் எம்.ஏ. அப்போது அவருக்கு வயது ஐம்பது. எல்லாமே வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே.

இதில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாண்டித்துரைத் தேவர் 1901-ல் தொடங்கியது. நூலகம், ஏடுகள், 'செந்தமிழ்' இதழ் இவற்றை எல்லோரும் சொல்வார்கள். சங்கம் நடத்திய தேர்வுகளும் அதே அளவு முக்கியம் என்பது என் கட்சி. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படி. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு வாத்தியார், பக்கத்து ஊர்ப் புலவர் ஒருவரிடம் சாயங்காலம் போய்ப் பாடம் கேட்டு, படியேறுவது மாதிரி இந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாக ஏறலாம். இங்கிலீஷ் கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு இது இன்னொரு வாசல். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற வார்த்தை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே, வைகைக் கரையில் அதன் ஒரு வடிவம் இருந்திருக்கிறது.

பாவாணர் கதையில் ஒரு தோல்வியும் உண்டு. எம்.ஓ.எல். பட்டத்துக்கு அவர் கொடுத்த ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. திராவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடு என்பது அதன் வாதம். அந்த வாதம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். இன்றைய மொழியியலாளர்கள் பலர் அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் பிறகு நடந்தது. 1940-ல் 'ஒப்பியன் மொழிநூல்', 1944-ல் 'திராவிடத்தாய்', 1949-ல் 'சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்' என்று புத்தகங்கள் வந்தாயிற்று. 1944 முதல் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழாசிரியர். கல்லூரியிலேயே பாடம் நடத்துகிற, பெயர் பெற்ற அறிஞர். அந்த மனிதர் ஐம்பது வயதில், ஒரு தடவை தன்னைத் திருப்பி அனுப்பிய அமைப்பின் உலகத்துக்குள்ளேயே மறுபடி போய் எம்.ஏ. எழுதினார்.

1956-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். 1974-ல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநர் ஆனார். 1981 ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டுச் சமயத்தில் இறந்தார். அகரமுதலியின் முதல் பகுதி 1985-ல்தான் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

தாலுகா ஆபீஸ் கிளார்க்

அப்பா கிளார்க் என்பதால், இன்னொரு கிளார்க்கின் கதையைத் தேடிப் போனேன். மு. வரதராசன், 1912-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டார். முருகைய முதலியார் என்ற ஆசிரியரிடம் தமிழ் படித்து, கல்லூரிக்குப் போகாமலே 1935-ல் வித்துவான் தேர்வு எழுதினார். மாகாணத்தில் முதலிடம், திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய் பரிசு. அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்றால் சாதாரணத் தொகை இல்லை. பிறகு பள்ளியில் தமிழாசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 1939-ல் பி.ஓ.எல். பச்சையப்பன் கல்லூரி வேலைக்கு நடுவில் 1944-ல் எம்.ஓ.எல். 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கான முதல் டாக்டர் பட்டம்.

கிளார்க் வேலையிலிருந்து டாக்டர் பட்டம் வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு பரீட்சை. ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் சம்பளம் தரும் ஒரு வேலை. மு.வ. என்றால் நாவல்களும் திருக்குறள் தெளிவுரையும்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது அந்த டைம்லைன்தான் கண்ணில் நிற்கிறது.

இன்னொரு வாசல்

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ஆண்கள். வீட்டில் சமைத்துப் போட ஆள் இருந்தவர்கள். பெண்களுக்கு, பரீட்சைக்கு வாசல் திறந்தால் மட்டும் போதாது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் துர்காபாய் தேஷ்முக்.

1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் கல்யாணம். வளர்ந்த பிறகு அந்த பந்தத்திலிருந்து விலகினார். உப்பு சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகுதான் முறையான படிப்பே ஆரம்பம். பெனாரஸ் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1942-ல் சென்னையில் சட்டம். மற்றவர்கள் வேலைக்குச் சேரும் வயதில் இவர் மெட்ரிக் படித்தார்.

தான் ஏறியதும் ஏணியை அவர் எட்டி உதைக்கவில்லை. 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவை ஆரம்பித்தார். அதன் ஆரம்ப வேலைகளில் ஒன்று, படிப்பை விட்ட பெண்களைப் பெனாரஸ் மெட்ரிக் பரீட்சைக்குத் தயார் செய்வது. பரீட்சை பெனாரஸில், பாடம் சென்னையில். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்து, பிறகு மத்திய சமூகநல வாரியத்தின் தலைவரானபோது இதையே நாடு முழுவதற்கும் கொண்டுபோனார். 1958-ல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் வந்தது. பல வருஷப் பள்ளிப் படிப்பைச் சுருக்கி நடத்தி, பரீட்சைக்கு அனுப்பும் ஏற்பாடு. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் எல்லாம் அதில் படித்து வாத்தியார் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் போக வழி பிறந்தது.

1971

இப்போது அப்பாவின் பெட்டிக்குத் திரும்பலாம்.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கியது. அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவும் அதன் எல்லைக்குள். முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம், சட்டம் படித்து வக்கீலாக இருந்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர். இரண்டாவது துணைவேந்தர், 1971-ல் பொறுப்பேற்றவர், அந்த முன்னாள் தாலுகா ஆபீஸ் கிளார்க் மு.வ. அதே 1971-ல்தான் அங்கே அஞ்சல்வழிக் கல்வி ஆரம்பமானது. அண்ணாமலை 1979-ல், சென்னை 1981-ல்தான் இந்த வழிக்கு வந்தன.

அந்த வருஷத்தில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இங்கிலாந்தில் 1969-ல் சட்டப்படி உருவான ஓப்பன் யுனிவர்சிட்டி தன் முதல் மாணவர்களோடு பாடத்தை ஆரம்பித்தது 1971 ஜனவரியில். முதல் வருஷமே சுமார் 25,000 பேர். பிரதமர் ஹரால்ட் வில்சனின் யோசனை, அமைச்சர் ஜென்னி லீயின் பிடிவாதம். பாடங்கள் தபாலில் வரும், பிபிசி டிவியிலும் ரேடியோவிலும் வரும். ஆனால் அதோடு விடவில்லை. மாணவருக்கு அவர் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு டியூட்டர், சந்தேகம் கேட்க ஒரு படிப்பு மையம், கோடையில் ஒரு வாரம் நேரடி வகுப்பு. தபால் என்பது அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி மட்டுமே.

இங்கே என்ன நிலைமை என்று அப்பாவைக் கேட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் பேசினார்.

"புக்கு கரெக்டா வரும், போஸ்ட்மேன் கையில குடுத்துட்டுப் போவாரு. படிச்சா பாதி புரியும், பாதி புரியாது. கேக்க யாரு இருக்கா? கான்டாக்ட் கிளாஸ்னு மதுரைக்கு வரச் சொல்லுவாங்க. பஸ்ஸுக்கும் தங்குறதுக்கும் காசு வேணும்லா."

"லீவு?"

"முத வருசம் குடுத்தாங்க. ரெண்டாம் வருசம் ஆபீஸ்ல, கிளார்க்குக்கு எதுக்குவே பி.ஏ.ன்னுட்டாங்க. அதே வருசம் நீயும் பொறந்தேல்லா. சரி, அடுத்த வருசம் பாப்பம்னு வச்சேன்."

இரண்டாம் வருஷப் புத்தகங்களில் சிலவற்றின் பக்க ஓரங்கள் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. பிரிக்கவே இல்லை.

முக்காலி

இத்தனை பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. வேலைக்குப் போன பிறகு படிப்பதை நாம் எப்போதும் விடாமுயற்சியின் கதையாகவே சொல்கிறோம். தொண்ணூறு வயதில் பட்டம், பேரனோடு பாட்டி பரீட்சை என்று பேப்பரில் வருமே, அந்த மாதிரி. விடாமுயற்சி பொய் இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. ஒரு முக்காலிக்கு மூன்று கால் வேண்டும்.

முதல் கால், வகுப்புக்கு வராதவரையும் பரீட்சை எழுத விடுவது. இரண்டாவது, பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், படிக்கக் கொஞ்சம் நேரம். மூன்றாவது, வாங்கிய காகிதத்தை வேலை கொடுப்பவரும் சமூகமும் மதிப்பது.

மு.வ.வுக்கு முதல் கால் வித்துவான் தேர்வு, இரண்டாவது முருகைய முதலியார், மூன்றாவது பள்ளிக்கூட வேலை. மூன்றும் இருந்தன. துர்காபாய், இரண்டாவது கால் இல்லாத பெண்களுக்கு அதைத் தன் கையாலேயே செதுக்கிக் கொடுத்தார். பாவாணருக்கு மூன்றாவது கால் ஒரு தடவை முறிந்தது. அவர் இன்னொரு பட்டம் எழுதி அதைச் சரிசெய்தார்.

அப்பாவிடம் இருந்தது முதல் கால் மட்டும். அவர் சோம்பேறி இல்லை. முதல் வருஷப் புத்தகத்தில் பென்சிலால் அவர் போட்ட அடிக்கோடுகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. ஒற்றைக்கால் முக்காலியில் எத்தனை நாள் உட்கார முடியும்?

மூன்றாவது கால் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களும், இளநிலைப் பட்டம் இல்லாதவர்களும் வயது வந்திருந்தால் நேரடியாகப் பட்டப்படிப்பிலோ எம்.ஏ.யிலோ சேரலாம் என்று திறந்தவெளி முறையில் ஒரு காலத்தில் சேர்த்தார்கள். 2009-ல் உச்சநீதிமன்றம், இளநிலைப் பட்டம் இல்லாமல் வாங்கிய அப்படிப்பட்ட எம்.ஏ. செல்லாது என்றது. அதே வருஷம் தமிழக அரசும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டங்கள் அரசு வேலைக்கு ஆகாது என்று ஆணை போட்டது. தரம் காப்பாற்றப்பட வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபீஸ் கட்டி, புத்தகம் வாங்கி, பரீட்சை எழுதித் தேறியவர்கள் பக்கமிருந்து யோசித்தால் வயிறு கலங்குகிறது. கதவைத் திறந்துவிட்டவர்கள், உள்ளே வந்தவர்களின் கையில் இருந்த காகிதத்தின் மதிப்பையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

இன்றைக்குக் காலம் மாறியிருக்கிறது. இக்னோ 1985-லிருந்தும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்தும் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக்கென்று 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. 2021-ல் ஐஐடி மெட்ராஸ், வயது வரம்பே இல்லாமல் ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. ஜே.இ.இ. வேண்டாம், அவர்களுடைய தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். 1858-ல் லண்டன் செய்த காரியத்தின் தொடர்ச்சிதான் இது, இடையில் ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வீடியோ பாடமும் ஆன்லைன் சந்தேக வகுப்பும் இரண்டாவது காலைக் கொஞ்சம் உறுதியாக்கியிருக்கின்றன. ஆனால் 'கிளார்க்குக்கு எதுக்கு பி.ஏ.' என்று கேட்கும் ஆபீஸும், பரீட்சை அன்றைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் எந்த ஆப்பிலும் தீர்வதில்லை.

எனக்கு மூன்று காலும் இருக்கின்றன என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பி.இ. பட்டம் இருப்பதால் எம்.ஏ.வுக்குத் தடையில்லை. வேலை வீட்டிலிருந்து, லீவும் கிடைக்கும். புத்தகமும் பாடமும் போனிலேயே. இந்தப் பட்டத்தால் சம்பளம் உயரப்போவதில்லை என்பதால், செல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் இல்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நான் ஒரு பட்டனை அழுத்த மூன்று வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி முடிவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பினேன். பெட்டியைத் திருப்பி மச்சில் வைக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திருமலைக் கோவில் மலைப்பக்கம் மேகம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"பரீட்சை எங்க எழுதணும்?"

"தென்காசியிலேயே சென்டர் இருக்குப்பா."

"மதுரைக்குப் போக வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்போ எழுதிரலாம்" என்றார்.